மூன்று விழுக்காடும் நாற்பதாயிரம் பிள்ளைகளும்

சென்ற தை மாதம் மல்லேஸ்வரத்தில் ஒரு பூணூல் கல்யாணம். பந்தியில் என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர், "நம்மவா மூணு பெர்ஸென்ட்தான் ஸார், அதுவும் குறைஞ்சுண்டே வரது" என்றார். இடப்பக்கத்துக்காரர் விடவில்லை. "நாற்பதாயிரம் பிள்ளைகள் பெண் கிடைக்காம உட்கார்ந்திருக்கான்களாம், பத்துப் பிள்ளைக்கு ஆறு பெண்தானாம்!" என்றார். "யார் எண்ணினா?" என்று கேட்டேன். அதற்குள் பால் பாயஸம் வந்துவிட்டது. பதில் வரவில்லை.

கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. என் தங்கை பிள்ளைக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. பெங்களூரிலேயே நல்ல உத்தியோகம். அந்த நாற்பதாயிரம் என்ற எண்ணைப் படித்த நாள் முதல் தங்கை ஜாதகப் பையை வெளியே எடுப்பதையே குறைத்துக்கொண்டுவிட்டாள். "நாற்பதாயிரத்தில் அவனும் ஒருத்தன், அண்ணா" என்பாள். ஓர் எண் ஒரு வீட்டில் இவ்வளவு வேலை செய்யுமானால், அது எங்கிருந்து பிறந்தது என்று பார்ப்பதில் தப்பில்லை என்று தோன்றியது. நான் புள்ளியியல் படித்தவன் அல்ல. ஓய்வுக்குப் பிறகு நூலகங்களில் உட்காரும் பழக்கம் வந்தவன், அவ்வளவே.

முதலில் அந்த மூன்று விழுக்காடு. இது பழைய சென்னை மாகாணத்தில் 1931-ஆம் ஆண்டு எடுத்த கணக்கு. எல்லா ஜாதிகளையும் தனித்தனியே எண்ணி வெளியிட்ட கடைசி ஸென்ஸஸ் அதுதான். 1941-இல் யுத்தத்தினால் அட்டவணைகள் முழுமையாக வெளிவரவில்லை. சுதந்திரத்துக்குப் பின் பட்டியல் ஜாதியினரையும் பழங்குடியினரையும் மட்டுமே தனியாக எண்ணினார்கள். ஆக நாம் பந்தியில் நிகழ்காலத்தில் சொல்லும் எண்ணுக்கு வயது தொண்ணூறுக்கு மேல். அதற்குப் பிறகு மாகாணம் நான்காகப் பிரிந்தது. நம்மவர்கள் பாதிப் பேர் பம்பாய்க்கும் டில்லிக்கும் பெங்களூருக்கும், பிறகு கடல் கடந்தும் போனார்கள். எண் மட்டும் ஊரைவிட்டு நகரவில்லை.

நாங்கள் குடியிருக்கும் பழைய மைசூர் ராஜ்யத்தில் இந்த எண்ணும் வித்தைக்கு நல்ல சரித்திரம் உண்டு. 1871-இல் ராஜ்யத்தின் ஜனத்தொகை 50,55,412. பத்து வருஷம் கழித்து, 1881-இல், 41,86,188. நடுவில் வந்தது 1876-78 தாது வருஷப் பஞ்சம். ஏறக்குறைய எட்டு லக்ஷத்து எழுபதாயிரம் பேர் குறைவு. பஞ்சம் பயங்கரமானது என்று எல்லோருக்கும் தெரியும்தான். ஆனால் ராஜ்யத்தில் ஆறில் ஒரு பங்கு ஜனம் இல்லாமல் போயிற்று என்பதை அந்த இரண்டு வரிகளை அடுத்தடுத்து வைத்த பிறகுதான் சொல்ல முடிந்தது.

பெங்களூருக்கே அடுத்து ஒரு பாடம் கிடைத்தது. நகரமும் கன்டோன்மெண்டும் சேர்ந்து 1891-இல் 1,80,366 பேர், 1901-இல் 1,59,046. காரணம் 1898 ஆகஸ்டில் வந்த பிளேக். ஆனால் இந்தக் குறைவை அப்படியே சாவுக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. செத்தவர்களும் அதில் உண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனவர்களும் உண்டு. மல்லேஸ்வரமும் பஸவனகுடியும் வளர்ந்ததே நெருக்கடியான பேட்டைகளை விட்டு ஜனங்கள் வெளியே வரவேண்டும் என்ற இந்தப் பயத்தில்தான். நான் பாயஸம் சாப்பிட்ட இடமே ஒரு விதத்தில் பிளேக் தந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

நிற்க. நம்மவர்களை நேரடியாகத் தொட்ட கணக்குக்கு வருகிறேன். நம் வீடுகளில் இதைப் பாதிதான் சொல்வார்கள். மைசூரில் 1911, 1921 ஆகிய இரண்டு ஸென்ஸஸ்களையும் நடத்தி அறிக்கை எழுதியவர் வி.ஆர். தியாகராஜ ஐயர். ராஜ்யத்தில் பிராம்மணர்கள் நூற்றுக்கு நாலுக்கும் குறைவு என்று அந்தக் கணக்கு காட்டியது. உயர்ந்த ஸர்க்கார் உத்தியோகங்களிலோ பாதிக்கு மேல் அவர்களே இருந்தார்கள். இந்த இரண்டு எண்களும் அதுவரை தனித்தனியே கிடந்தன. மற்ற ஸமூகத்தார் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மஹாராஜாவிடம் முறையிட்டார்கள். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1918-இல் தலைமை நீதிபதி ஸர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார். 1919-இல் அறிக்கை வந்தது. ஏழு வருஷத்துக்குள் மேல் உத்தியோகங்களில் பாதிக்குக் குறையாமலும், கீழ் உத்தியோகங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் பிராம்மணரல்லாதாருக்குக் கொடுக்க வேண்டும் என்றது. 1921-இல் அது உத்தரவாயிற்று.

திவான் விஸ்வேஸ்வரய்யா இந்தப் போக்கை ஏற்காமல் 1918-இலேயே விலகினார் என்ற பாதியை நம் வீடுகளில் பெருமையோடு சொல்வோம். அவர் தகுதியை மட்டும் பார்க்க வேண்டும் என்றார். அது அவர் கக்ஷி. ஆனால் கணக்கில் பொய்யில்லை என்ற மறு பாதியையும் சொல்லத்தான் வேண்டும். எழுத்தறிவும் இங்கிலீஷும் எந்த வீடுகளுக்கு முதலில் போயின என்பதும் அதே ஸென்ஸஸ் அட்டவணைகளில்தான் இருக்கிறது. அந்த எண்ணில் தெரியாமல் போன ஒன்றும் உண்டு. உத்தியோகம் பார்த்தவர்கள் நம்மவரில் சில ஆயிரம் குடும்பங்கள். கோவிலையும் வைதிகத்தையும் நாலு குழி நிலத்தையும் நம்பியிருந்த மற்றவர்கள் அந்த விழுக்காட்டுக்குள்ளேயே மறைந்துபோனார்கள். சராசரி என்பது எப்போதும் யாரையாவது மறைக்கும். அதற்காகச் சராசரியே பொய் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்த கதை பெண்களைப் பற்றியது. மைசூர் ஸர்க்கார் 1930-இலேயே ஸர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கர்ப்பத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. வேறெந்த ஸர்க்காரும் அதற்கு முன் செய்யாத காரியம் என்பார்கள். 1951-52-இல் ஐக்கிய நாடுகள் ஸபையும் இந்திய அரசும் சேர்ந்து பெங்களூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மலைநாட்டுக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் ஓர் ஆய்வு நடத்தின. மைசூர் ஜனத்தொகை ஆய்வு என்று பெயர். அறிக்கை 1961-இல் நியூயார்க்கிலிருந்து வெளிவந்தது. அதில் பெரும்பாலான பெண்கள், குழந்தைகளை மட்டுப்படுத்தும் வழியைக் கற்றுக்கொள்ள விருப்பம் என்று பதில் சொல்லியிருந்தார்கள். படித்தவர்களுக்கு ஆச்சரியம். நம் நாட்டுப் பெண்கள் எல்லாம் விதி என்று இருப்பவர்கள் என்றுதான் அவர்கள் அதுவரை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் "கற்றுக்கொள்ளச் சம்மதமா?" என்று வாசலில் வந்து மரியாதையாகக் கேட்பவரிடம் யார் மாட்டேன் என்பார்கள்? கிட்டத்தட்ட அதே சமயம் பெங்களூருக்குப் பக்கத்தில் ராமநகரத்திலும் டில்லி லோதி காலனியிலும் ஒரு சோதனை நடந்தது. உலக ஸுகாதார ஸ்தாபனம் அனுப்பிய டாக்டர் ஆப்ரஹாம் ஸ்டோன் பெண்களுக்கு ஒரு மணிமாலை வகுத்துக் கொடுத்தார். தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். பச்சை மணி வந்தால் பயமில்லை, சிவப்பு மணி வந்தால் விலகியிருக்க வேண்டும். சிலர் மணியைத் தள்ள மறந்தார்கள். சிலர் மாலையே ரக்ஷை என்று நினைத்துவிட்டார்கள். திட்டம் தேறவில்லை. விருப்பம் என்று கணக்கில் ஏறியது வேறு, வீட்டில் நடந்தது வேறு.

மைசூர் ஆய்வில் முன்னின்று உழைத்தவர் டாக்டர் சி. சந்திரசேகரன். பின்னால் பம்பாய் செம்பூரில் ஜனத்தொகை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தவர். பெயர் ஒற்றுமையால் மந்திரியாக இருந்த டாக்டர் எஸ். சந்திரசேகரோடும் வான சாஸ்திர நிபுணரோடும் இவரைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஸிங்கூரில் பிறப்பு இறப்புப் பதிவுகளைச் சோதித்து, அமெரிக்கர் டெமிங்குடன் சேர்ந்து 1949-இல் இவர் ஒரு வழி கண்டார். அதை நம் கல்யாணக் கணக்கிலேயே சொல்லிவிடலாம்.

வாசலில் சந்தனம் கொடுப்பவர் வந்தவர்களை ஒரு நோட்டில் எழுதுகிறார். சாப்பாட்டுக் கூடத்தில் வேறொருவர், முதல் நோட்டைப் பார்க்காமலே, தனியாக எழுதுகிறார். பிறகு ஒப்பிட்டால் இரண்டிலும் இருக்கும் பெயர் 80. வாசல் நோட்டில் மட்டும் 20. கூட நோட்டில் மட்டும் 12. ஆக 112 பேர் என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு நோட்டிலும் விட்டுப்போனவர்கள் இருப்பார்கள். இருபதைப் பன்னிரண்டால் பெருக்கி எண்பதால் வகுத்தால் 3. எனவே வந்தவர்கள் 115. யாருமே பார்க்காதவரையும் கணக்கில் கொண்டுவரும் யுக்தி இது. 1960-களில் தொடங்கிய நம் நாட்டு மாதிரிப் பதிவு முறையும் இப்படி இரண்டு தனிப் பதிவுகளை ஒப்பிட்டுத்தான், ஆனால் இந்தப் பெருக்கல் வகுத்தல் இல்லாமல், பிறப்பு இறப்பு விகிதங்களைக் கணித்தது. ஒரே நிபந்தனை, இரண்டு நோட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்து எழுதக் கூடாது.

இனி அந்தப் பத்துக்கு ஆறு. 2021-இல் தமிழ்நாட்டில் நம்மவர் சங்கம் ஒன்றின் இதழில் வந்த கடிதத்திலிருந்து கிளம்பிப் பத்திரிகைகளில் பரவியது இது. முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் நாற்பதாயிரம் பேருக்கு மேல் கல்யாணமாகாமல் இருக்கிறார்கள், வடக்கே பெண் தேடுவோம் என்றது கடிதம். உத்தேசக் கணக்கு என்று எழுதியவரே சொல்லியிருந்தார். உத்தேசம் என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

இதில் உண்மை ஒரு பங்கு உண்டு. ஆஸ்திரேலியர் ஜான் கால்ட்வெல், பாட் கால்ட்வெல், பெங்களூரின் டாக்டர் பி.எச். ரெட்டி மூவரும் கர்நாடகக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்து 1983-இல் எழுதிய கட்டுரை நம் பாட்டிகளின் கண்ணீருக்கே கணக்குச் சொல்கிறது. ஜனத்தொகை வளரும் காலத்தில் பின்னால் பிறந்த தலைமுறை பெரிது. மாப்பிள்ளை ஐந்தாறு வயது மூத்தவனாக இருக்க வேண்டும் என்றால் பெண்கள் அதிகமாகவும் பிள்ளைகள் குறைவாகவும் தெரிவார்கள். வரதக்ஷிணை ஏறியதற்கு அது ஒரு காரணம். இன்று பிறப்பு குறைகிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ஒரு பெண்ணுக்குக் குழந்தைகள் கர்நாடகத்தில் 1.7, தமிழ்நாட்டில் 1.8. எனவே தராசு மறுபக்கம் சாயும்.

எவ்வளவு சாயும்? உதாரணத்துக்கு, ஒரு வருஷம் ஆயிரம் குழந்தைகள் பிறந்து, பிறகு வருஷத்துக்கு இரண்டு விழுக்காடு குறைந்தால் ஐந்தாம் வருஷம் 904. முதல் வருஷத்தில் ஆண் சுமார் 512. ஐந்து வருஷம் கழித்துப் பெண் சுமார் 441. அதாவது பத்துப் பிள்ளைக்கு எட்டரைப் பெண். வயது வித்தியாசத்தை இரண்டாகக் குறைத்தால் ஒன்பதைத் தாண்டும். ஆறு என்ற எண் இதிலிருந்து வராது.

பின் எங்கிருந்து வருகிறது? ஜாதகப் பதிவேட்டிலிருந்து என்று நினைக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொஞ்ச நாளாக என்னிடம் இருக்கிறது. பெண்ணின் ஜாதகம் ஆறு மாதத்தில் நிச்சயமாகி வெளியே போய்விடும். பிள்ளையின் ஜாதகம் ஆறு வருஷம் கிடக்கும். சமமான எண்ணிக்கையில் பதிவு செய்தாலும், எந்த நாளில் ஏட்டைத் திறந்தாலும் பெண் ஒன்றுக்குப் பிள்ளை பன்னிரண்டு நிற்பார்கள். தானே வரன் தேடிக்கொள்ளும் பெண் ஏட்டுக்கே வருவதில்லை. போதாததற்கு, கல்யாணமானதைத் தெரிவிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

2025-இல் கர்நாடகத்தில் ஆசிரியர்கள் வீடு வீடாக வந்து ஸமூகக் கணக்கெடுத்தார்கள். 2027 ஸென்ஸஸில் ஜாதியும் உண்டு என்று அறிவிப்பாகியிருக்கிறது. கேள்விக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னால் தொண்ணூற்றாறு வருஷப் பழைய மூன்று விழுக்காட்டுக்கு ஓய்வு கிடைக்கும். தாய்மொழிக் கேள்வியில் எங்கள் பெங்களூர் வீடுகளில் கொஞ்சம் விவாதம் நடக்கும். வீட்டில் தமிழ் பேசிக் கன்னடத்தில் எழுதும் ஹெப்பார், மாண்டியம் ஐயங்கார் ஸ்நேகிதர்களுக்கு அது பழகிப்போன விவாதம்.

அதுவரை கையில் இருக்கும் ஏட்டையாவது சுத்தம் செய்வோம் என்று போன வாரம் டெலிபோனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவதாகக் கூப்பிட்ட தகப்பனார், "பேரனுக்கு ஆயுஷ்ய ஹோமமே ஆயிடுத்து ஸார், இன்னும் அவன் ஜாதகமா அங்கே இருக்கு?" என்று சிரித்தார். பெயரை அடித்தேன். பேனாவோடு இருப்பதைப் பார்த்துத் தங்கை, "அண்ணா, நம்ம பையன் பேரை மட்டும் எடுத்துடாதே" என்றாள். அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது. பெண்ணின் வயது என்ற இடத்தில் "ஐந்து வயது இளையவள்" என்று அவள் எழுதிக் கொடுத்திருந்ததை மட்டும், அவள் சம்மதத்தோடு, மாற்றியிருக்கிறேன்.