வீட்டமைப்பும் உள்ளறைக் காற்றும்

உள்ளறைக் காற்றுத் தரம் என்பது கட்டடத்துக்குள் மனிதர் சுவாசிக்கும் காற்று உடல்நலத்துக்கு எந்த அளவு ஏற்றதாக இருக்கிறது என்பதைக் குறிக்கும். அடுப்புப் புகை, கொசுவர்த்தி, சுவரின் ஈரம், பூஞ்சை, தூசு, மரச்சாமான்களிலிருந்து கசியும் ஆவிகள், மூடிய அறையில் தேங்கும் மூச்சுக்காற்று ஆகியவை அதைக் கெடுக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை, வீட்டில் சமையலறை எங்கே, சன்னல் எந்தப் பக்கம், ஈரம் எப்படி வெளியேறும் என்று வரைபடத்திலேயே எடுக்கப்படும் முடிவுகளைச் சார்ந்தவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020இல் வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்தனர். அவர்களில் 2,37,000க்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

வரலாறு

அறைக்காற்றை முதலில் அளந்து ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் மியூனிக் நகரின் சுகாதார அறிஞர் மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவின் அளவைக் கொண்டே அறையில் காற்று மாறுகிறதா என்று அறியலாம் என 1858இல் அவர் காட்டினார். பத்து லட்சம் பங்கு காற்றில் 1,000 பங்கு என்று அவர் வகுத்த வரம்பு இன்றும் வழக்கில் உள்ளது.

இந்தியாவில் இந்தச் சிக்கல் அடுப்படியில் தொடங்கியது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எஸ். பி. ராஜு, புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பை வடிவமைத்தார். அதை விளக்கும் அவரது நூல் 1953இல் சென்னையில் வெளியானது. மேலை நாடுகளில் சிக்கல் வேறு வழியில் வந்தது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எரிசக்தியைச் சேமிக்கக் கட்டடங்களை இறுக்கமாக மூடியபோது, உள்ளே இருந்தவர்களுக்குத் தலைவலியும் கண் எரிச்சலும் பரவலாயின. ஜப்பான் 2003இல் கட்டடச் சட்டத்தைத் திருத்தி, ஃபார்மால்டிஹைடு கசியும் பலகைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. புதிய வீடுகளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அறைக்காற்று முழுதும் மாறும் அளவுக்கு இயந்திரக் காற்றோட்டத்தையும் கட்டாயமாக்கியது.

மாசுகளும் மூலங்களும்

நுண்துகள்கள்: 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்குக் குறைவான விட்டம் கொண்ட துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த நெறிப்படி, இவற்றின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமையும் 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. விறகு, வறட்டி, ஊதுபத்தி, சாம்பிராணி, எண்ணெயில் பொரித்தல் எல்லாம் இத்துகள்களை எழுப்புகின்றன. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியேறும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் வரை வெளியிடுவதற்குச் சமம் என 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

வாயுக்கள்: விறகும் கரியும் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இரத்தச் சிவப்பணுப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். புகை தெரியாத எரிவாயு அடுப்பும் நைட்ரஜன் டை ஆக்சைடை வெளியிடுகிறது.

ஆவிகள்: பிளைவுட், எம்.டி.எஃப். போன்ற பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடும், பெயின்ட், வார்னிஷ் ஆகியவற்றிலிருந்து வேறு கரிம ஆவிகளும் கசிகின்றன. வெப்பமும் ஈரப்பதமும் கூடும்போது ஃபார்மால்டிஹைடின் கசிவும் கூடும் என்பதால் நம் கடலோர ஊர்களில் இது கூடுதல் கவனம் பெற வேண்டும்.

உயிரிகள்: ஈரச் சுவரில் பூஞ்சையும், மெத்தையிலும் தலையணையிலும் தூசுப்பூச்சியும் வளர்ந்து ஆஸ்துமாவைத் தூண்டுகின்றன.

மரபு வீடுகள்

செட்டிநாட்டு வீடுகளில் முன்வாசல் முதல் பின்கட்டுவரை முற்றங்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழும். அந்த இடத்தை நிரப்பக் கீழ்வாசல்களின் வழியே குளிர்ந்த காற்று உள்ளே வரும். சமையற்கட்டு பின்பகுதியில் இருந்ததால் புகை மற்ற அறைகளைப் பெரும்பாலும் தொடாமல் போனது. கூரைக்கடியில் வைத்த சிறு வெண்டிலேட்டர்கள் மேலே தேங்கும் வெப்பத்தை வெளியேற்றின. கேரளத்தில் லாரி பேக்கர் செங்கற்களுக்கிடையே இடைவெளி விட்டுக் கட்டிய சாலகச் சுவர்களும் இதே காற்றியலை எளிய செலவில் பயன்படுத்தின.

இந்த மரபைப் போற்றும்போது அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். முற்றத்தில் காற்று நன்றாக இருந்த பல வீடுகளில், அடுப்படி மட்டும் கரி படிந்த இருட்டறையாகவே இருந்தது. அங்கே நாளின் பெரும்பகுதியைக் கழித்த பெண்களின் நுரையீரலும் கண்களும் அந்த அமைப்புக்கு விலை கொடுத்தன.

வடிவமைப்பு நெறிகள்

மூலத்தை நீக்குதல், காற்றை மாற்றுதல், மிஞ்சியதை வடிகட்டுதல் என்பதே சரியான வரிசை. கடைசிப் படியிலிருந்து தொடங்கும் வீட்டில் பணம் செலவாகுமே தவிரக் காற்று சீராகாது.

சமையலறை: இதற்கு ஒரு வெளிச்சுவராவது கட்டாயம் வேண்டும், இரண்டு இருந்தால் சிறப்பு. அடுப்புமேடை வெளிச்சுவரை ஒட்டி அமைந்தால் சிம்னியின் குழாய் குட்டையாகவும் வளைவின்றியும் வெளியே போகும். சிம்னியின் அகலம் அடுப்பின் அகலத்துக்குக் குறையக் கூடாது. குழாயில்லாமல் கரி வடிகட்டியால் காற்றை உள்ளேயே சுழற்றும் சிம்னி, எண்ணெய்ப் பிசுக்கையும் வாடையையும் ஓரளவு பிடிக்கும். கார்பன் மோனாக்சைடையும் நீராவியையும் வெளியேற்றாது. எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்புக்கு மேலே உயரத்தில் வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வர வழி விட வேண்டும். ஃபேனுக்கு அருகிலேயே சன்னல் திறந்திருந்தால், அது சன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளும். புகை அறையிலேயே நிற்கும்.

காற்றோட்டம்: இந்தியத் தேசியக் கட்டட நெறித்தொகுப்பின்படி, வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் அறையின் சன்னல் பரப்பு, கதவு நீங்கலாக, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. நூறு சதுர அடி அறைக்கு இது ஏறத்தாழ 17 சதுர அடி. ஒரே சுவரில் பெரிய சன்னல் வைப்பதைவிட எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு வைப்பது காற்றை நன்றாக ஓட்டும். காற்று நுழையும் வழி தாழ்வாகவும் வெளியேறும் வழி உயரமாகவும் இருந்தால், காற்று வீசாத நாளிலும் வெப்ப வேறுபாட்டால் ஓட்டம் நிற்காது.

கொசுவலை: சன்னல்களில் நிலையான கொசுவலை பொருத்துவது கொசுவர்த்தியின் தேவையையே குறைப்பதால், இதைக் காற்றுத் தரத்துக்கான முதல் ஏற்பாடுகளுள் ஒன்றாகக் கொள்ளலாம். வலை காற்றின் வேகத்தைத் தணிக்கும். அதை ஈடுகட்டச் சன்னலைப் பெரிதாக்க வேண்டும்.

படுக்கையறை: ஸ்பிளிட் ஏ.சி. அறைக்காற்றையே குளிர்வித்துச் சுழற்றுகிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. கதவையும் சன்னலையும் அடைத்து இருவர் தூங்கும் சிறிய அறையில் பெட்டன்கோஃபரின் வரம்பு எளிதில் மீறப்படும். வடிகட்டியுடன் கூடிய சிறிய புதுக்காற்று விசிறி அல்லது சற்றே திறந்த வெண்டிலேட்டர் இதற்குத் தீர்வு.

குளியலறை: எரிவாயு கீசரை மூடிய குளியலறைக்குள் பொருத்துவது உயிருக்கே ஆபத்து. அதைத் திறந்த வெளிச்சுவரில் பொருத்தி, வெந்நீரைக் குழாயால் உள்ளே கொண்டுவர வேண்டும். குளித்த பின்னும் சிறிது நேரம் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் பூஞ்சையைத் தடுக்கும்.

ஈரம்: அடித்தளத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு, மொட்டைமாடியில் சரியான வாட்டம், சன்னலுக்கு மேல் சன்ஷேடு ஆகிய மூன்றும் சுவரை உலர்வாக வைக்கும். ஒழுகும் சுவரைச் சரிசெய்யாமல் அதன்மேல் பெயின்ட் அடித்தால் பூஞ்சை சில மாதங்களில் திரும்பிவிடும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைக்காமல் ஆவியாக விடுகிறது.

பொருள்கள்: மட்டமான பலகைகளைத் தவிர்த்துக் குறைந்த கசிவு கொண்டவற்றைக் கேட்டு வாங்குவதும், வெட்டிய ஓரங்களை மூடி ஒட்டுவதும், மரவேலையும் பெயின்ட்டும் முடிந்தபின் சில வாரங்கள் சன்னல்களைத் திறந்துவைத்துக் குடிபுகுவதும் ஆவிகளைக் குறைக்கும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பழைய சுவரைச் சுரண்டும்போது எழும் தூசில் அதற்கு முந்தைய ஈயம் இருக்கலாம்.

பூசையறை: ஊதுபத்தியும் சாம்பிராணியும் ஏற்றும் இடத்துக்கும் திறந்த சன்னல் வேண்டும். வரவேற்பறையின் நடுவே காற்று வழியில்லாத மாடமாக அதை அமைப்பது நல்லதல்ல.

வடிகட்டிகளும் செடிகளும்

நெடுஞ்சாலையோர வீடுகளிலும், போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் காலையிலும், வெளிக்காற்றே மோசமாக இருக்கும். அப்போது சன்னலை மூடி, அறையின் அளவுக்கேற்ற ஹெப்பா வடிகட்டியை இயக்கலாம். இது 0.3 மைக்ரோமீட்டர் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். ஆனால் கார்பன் மோனாக்சைடை அகற்றாது. ஓசோனை வெளியிடும் கருவிகள் நுரையீரலைப் புண்படுத்துவதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

தொட்டிச் செடிகள் காற்றைத் தூய்மையாக்கும் என்ற நம்பிக்கைக்கு வேர் 1989இல் நாசாவுக்காக நடந்த ஆய்வு. அது மூடிய சிறு பேழைகளில் நடந்தது. பின்னாளில் இத்தகைய ஆய்வுகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், வழக்கமான காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டியிருக்கும் எனக் கணக்கிட்டனர்.

எரிபொருள் மாற்றத்தின் பயனும் எல்லையும்

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் உள்ளிட்டோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அடுப்புப் புகையை நீண்டகாலம் ஆராய்ந்துவருகின்றனர். இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில், விறகுக்கு மாற்றாக எரிவாயு அடுப்பு கொடுத்துப் பார்த்த ஹேப்பின் ஆய்வில் தமிழ்நாடும் ஒரு களம். எரிவாயு அடுப்பு பெற்ற கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகள், விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இருந்த கன மீட்டருக்கு 70.7 மைக்ரோகிராமுக்கு எதிராக 24 மைக்ரோகிராமாக இருந்தது. ஆயினும் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என 2022இல் முடிவு வெளியானது. 24 என்பதும் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆண்டு வரம்புக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. எரிவாயு அவசியம், அதோடு புகை வெளியேறும் வீடும், புகை குறைந்த தெருவும் வேண்டும்.

கட்டி முடித்த வீடுகளில்

வாடகை வீட்டிலும் சிலவற்றை மாற்றலாம். கொசுவலை, அடுப்பு எரியும் நேரமெல்லாம் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன், ஒழுகலுக்கு உடனடிப் பழுது, சுருளுக்கு மாற்றாகப் படுக்கை வலை ஆகியவை குறைந்த செலவில் முடிபவை. கரியமில வாயுவைக் காட்டும் சிறிய கருவி, எந்த அறையில் எப்போது காற்று தேங்குகிறது என்று அறிய உதவும். புதிதாகக் கட்டுவோர் முகப்புக்கும் கூடத்துக்கும் முன்பாகச் சமையலறைக்கே காற்று வரும் சுவரை ஒதுக்க வேண்டும். வீட்டில் புகைக்கு மிக அருகில் அதிக நேரம் நிற்பவருக்கு நல்ல காற்று கிடைத்தால், மற்ற எல்லாருக்கும் அது கிடைக்கும்.