இலங்கை நுழைவு விதிகள்: தென்தமிழகப் பயணிகள்

தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து இலங்கைக்குச் செல்பவர் எந்த அடையாளத்தைக் காட்ட வேண்டும், யாரிடம் அனுமதி பெற வேண்டும், எத்தனை நாள் தங்கலாம் என்பதை வரையறுத்துவந்த சட்டங்களும் நடைமுறைகளும் இக்கட்டுரையின் பொருள். சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு இந்த வரலாற்றோடு நெருங்கிய தொடர்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர்கள் இவை. கடல் இங்கிருந்து வெகுதூரம். ஆனாலும் 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் அமைந்தது முதல் 1985இல் அது மூன்றாகப் பிரியும் வரை, மண்டபமும் தனுஷ்கோடியும் சேத்தூரும் ஒரே மாவட்டம். இலங்கைக்குப் போகும் வாசல் சொந்த மாவட்டத்திலேயே இருந்தது.

இந்த விதிகள் தொடக்கத்தில் சுற்றுலாப் பயணியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. தோட்டத் தொழிலாளியைக் கொண்டுசெல்ல முதலில் எழுதினார்கள். பிறகு அதே தொழிலாளியைத் தடுக்க எழுதினார்கள். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவர் என்றொரு வகை அவற்றுக்குள் இடம்பெற்றது மிகவும் பிந்தித்தான்.

சீட்டு கேட்காத காலம்

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இக்கடலைக் கடக்க எந்தத் தாளும் தேவைப்படவில்லை. கண்டிச் சீமையில் 1830களில் காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கியதும், மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஆட்கள், தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகளின் பின்னால் புறப்பட்டார்கள். சேத்தூர் வட்டாரம் அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. ராமேசுவரம் கரையிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் பலர். அவர்களை நிறுத்தி விசாரிக்க ஓர் அதிகாரி இல்லை. காப்பாற்றவும் ஒருவரும் இல்லை. இரண்டு கரையும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தாலும், சென்னை மாகாணம் இந்திய அரசின் கீழும் இலங்கை லண்டனின் காலனி அலுவலகத்தின் கீழும் இருந்தன. அந்தப் பிரிவினையை நடந்துபோகிறவர் உணர வேண்டிய தேவை இன்னும் வரவில்லை.

தகர டிக்கெட்டும் மண்டபம் முகாமும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்காக நடைமுறைக்கு வந்த தகர டிக்கெட்டை இந்தக் கடல்வழியின் முதல் நுழைவுச் சீட்டு எனலாம். சிறிய உலோகத் தகடு அது. தோட்டம் இருக்கும் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்து, தோட்டத்தின் எண், தொழிலாளியின் எண் ஆகியவை அதில் துளையிடப்பட்டிருக்கும். துளையில் கயிறு கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள். அதை அணிந்தவரை வழியில் ஒவ்வொரு நிலையிலும் ஏற்றி, சோறு கொடுத்து, தோட்டத்து வாசல் வரை கொண்டுசேர்ப்பார்கள். செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறும். தகட்டில் ஆளின் பெயர் கிடையாது. இன்றைய பாஸ்போர்ட் ஒருவர் எந்த நாட்டுக்காரர் என்று சொல்கிறது. அந்தத் தகடு அவர் எந்தத் தோட்டத்துக்காரர் என்று மட்டும் சொன்னது. நுழைவு அனுமதியின் வரலாற்றில் இவ்வளவு வெளிப்படையான ஆவணம் வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

ஆள் சேர்ப்பை ஒழுங்குபடுத்த 1904இல் திருச்சியில் சிலோன் லேபர் கமிஷன் அமைக்கப்பட்டது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் பாதையே மாறியது. சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மீண்டும் கொழும்புக்கு ரயில் எனப் போகலாம். இதுவே ‘போட் மெயில்’. இர்வின், கோஷன் என்ற கப்பல்கள் பிற்காலத்தில் இந்த வழியில் ஓடின. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927இல் வந்தபின், இவ்வட்டாரத்தாருக்கும் மதுரை வழியாக மண்டபம் போவது எளிதாயிற்று.

மண்டபத்தில்தான் உண்மையான எல்லை இருந்தது. அங்கே இலங்கை அரசு நடத்திய பெரிய முகாம் ஒன்று 1917 முதல் செயல்பட்டது. இந்திய மண்ணில், இலங்கை அதிகாரிகளின் பொறுப்பில் இயங்கிய குவாரன்டைன் நிலையம் அது. பிளேக், காலரா, அம்மை மூன்றும் தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். ரயிலிலிருந்து இறக்கப்பட்டவர்களின் துணிகளைக் கிருமிநீக்கம் செய்தார்கள். அம்மை குத்தினார்கள்; கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். சில நாள் உள்ளேயே வைத்திருந்து, நோயில்லை என்று உறுதியான பிறகே கப்பலுக்கு அனுப்பினார்கள். மேல்வகுப்புச் சீட்டு வைத்திருந்தவர்கள் இப்படி அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை. பிளேக் கிருமி வகுப்புப் பார்த்து ரயிலேறுவதில்லை. ஆனால் விதி வகுப்புப் பார்த்தது. ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் ‘மண்டபம் கேம்ப்’தான். 1980களிலிருந்து இலங்கைத் தமிழ் அகதிகள் வசிக்கும் முகாமும் அங்கேயே இருக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பிறகு உலகமெங்கும் பாஸ்போர்ட் கட்டாயமாகிக்கொண்டிருந்தது. இந்தியாவிலும் 1920இல் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. ஆனால் இலங்கைக்குப் போய்வர அது பல்லாண்டுகள் தேவைப்படவில்லை. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வேறு வகையானது: பிறர் செலவில் வேலைக்குப் போகும் உடலுழைப்பாளிகளை மட்டும் அது கண்காணித்தது. அடுத்த ஆண்டே கண்டியில் இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் அமர்த்தப்பட்டார். தோட்டம் கொடுத்த பயணச் செலவைப் பின்னர் தொழிலாளியின் தலையில் கடனாக ஏற்றும் பழைய வழக்கமும் அதே காலத்தில் சட்டப்படி முடிவுக்கு வந்தது.

அடைபட்ட கதவு

1939இல் இலங்கை அரசு தன் துறைகளில் தினக்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கத் தொடங்கியது. பதிலடியாக இந்திய அரசு, உடலுழைப்பாளிகள் இலங்கைக்குக் குடிபெயர்வதை அந்த ஆண்டு ஆகஸ்டு 1 முதல் தடை செய்தது. முதலில் கதவைச் சாத்தியது இந்தியாதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குடும்பத்தில் பாதிப்பேர் அக்கரையில், பாதிப்பேர் இக்கரையில் என்று பிரிந்து நின்ற துயரம் அன்றே தொடங்கிவிட்டது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இரண்டு சட்டங்கள் வந்தன. 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் குடியேறியவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 20ஆம் எண் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று கட்டுநாயக்க விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தப்படுவதும், பலமுறை திருத்தப்பட்ட அதே சட்டத்தின்படிதான். அச்சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய மாதம் வரை போட் மெயிலில் சாதாரணமாகப் போய்வந்த கடைச் சிப்பந்தி, சமையல்காரர், வியாபாரி ஆகியோரிடம் இப்போது பாஸ்போர்ட்டும் விசாவும் கேட்டார்கள். அங்கே தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்குத் தற்காலிக வதிவிட அனுமதி கொடுத்தார்கள். 1950களில் அதையும் புதுப்பிக்காமல் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார்கள். தாள் கிடைக்காதவர்கள் இரவில் தோணியேறினார்கள். ‘கள்ளத்தோணி’ என்ற வசைச்சொல், முறைப்படி வந்து மூன்று தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள்மீதும் வீசப்பட்டது. சட்டம் மாறியதால் குற்றவாளியாக்கப்பட்டவர்களை அப்படி அழைத்தது பெரும் அநீதி.

1964இல் இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து வந்தன. அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் முடிவு செய்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அதே 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பிறகு கப்பல் ராமேசுவரத்திலிருந்து ஓடியது. தாயகம் திரும்புவோர் என்று பெயரிடப்பட்ட, தாங்கள் பார்த்தேயிராத ஊர்களுக்குப் புறப்பட்ட மக்கள் அதில்தான் வந்து இறங்கினார்கள். 1980களின் முற்பகுதியில் போர் மூண்டபோது அந்தக் கப்பலும் நின்றது.

விமான காலம்

இந்தியாவில் பாஸ்போர்ட் பெறுவது 1967 வரை அரசின் விருப்பத்தைப் பொறுத்ததாக இருந்தது. வெளிநாடு செல்வது தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு தீர்ப்பளித்ததும் புதிய பாஸ்போர்ட் சட்டம் இயற்றப்பட்டது. விருதுநகர் மாவட்டத்துக்காரர் பாஸ்போர்ட்டுக்குத் திருச்சியை நம்பியிருந்த நிலை 2007இல் மதுரையில் மண்டல அலுவலகம் வந்ததும் மாறியது. 2012இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானமும் பறக்கத் தொடங்கியது. ராஜபாளையத்தில் காலையில் பஸ் ஏறியவர் அன்று மாலையே கொழும்பில் இருக்கலாம் என்றானது.

இதே காலத்தில்தான் சுற்றுலாப் பயணி விதிகளின் நடுவே வந்து நின்றார். 2009இல் போர் முடிந்த பின் இலங்கை தன் பொருளாதாரத்துக்குச் சுற்றுலாவைப் பெரிதும் நம்பியது. 2012 ஜனவரி 1 முதல் மின்னணுப் பயண அனுமதி அறிமுகமானது, சுருக்கமாக ‘இடிஏ’. புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டிய 30 நாள் அனுமதி அது. சார்க் நாட்டவர்க்குக் கட்டணம் குறைவு. பெயர், பாஸ்போர்ட் எண், வரும் நாள், தங்கும் முகவரி, வருகையின் நோக்கம் என்று அந்தப் படிவம் கேட்பவற்றைத் தகர டிக்கெட்டோடு ஒப்பிட்டால், நூறாண்டில் என்ன மாறியது என்பது விளங்கும்.

2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, 2023 அக்டோபரில் இந்தியா உட்பட ஏழு நாட்டினருக்கு இந்த அனுமதியைக் கட்டணமின்றி வழங்க இலங்கை முடிவு செய்தது. 2024 ஏப்ரலில் விசா வழங்கும் பணி வெளிநாட்டுத் தனியார் நிறுவனங்களின் கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டணம் ஏறியதும், பயணிகளின் விவரங்கள் யார் கையில் இருக்கின்றன என்ற கேள்வி எழுந்தது. எம். ஏ. சுமந்திரன், ரவூப் ஹக்கீம், பாட்டலி சம்பிக்க ரணவக்க ஆகிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்துப் பழைய முறையைத் தொடருமாறு இலங்கை உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டு 2 அன்று உத்தரவிட்டது. உத்தரவை உடனே செயல்படுத்தாத குடிவரவு, குடியகல்வுத் துறைத் தலைவர் செப்டம்பரில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். விசா முறையொன்று நீதிமன்றம் ஏறி, சாதாரணப் பயணிக்குச் சாதகமாக முடிந்த அரிய நிகழ்வு இது.

கடல்வழியும் மெல்லத் திரும்பியிருக்கிறது. தூத்துக்குடி–கொழும்புக் கப்பல் 2011இல் தொடங்கி சில மாதங்களில் நின்றுபோனது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாளில் மழைக்காலத்துக்காக நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடியது. விமானத்தில் போனாலும் கப்பலில் போனாலும் நுழைவு விதி ஒன்றே.

கச்சதீவு

இவ்விதிகளுக்கு ஒரு விலக்கு உண்டு. 1974இல் கச்சதீவு இலங்கைக்கு உரியதாக ஒப்புக்கொள்ளப்பட்டபோது, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் அங்கே போய்வரப் பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்று ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு கூறியது. அதன்படி புனித அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ராமேசுவரத்திலிருந்து படகில் போகிறார்கள். பாஸ்போர்ட் கிடையாது, முன்பதிவும் உள்ளூர் அடையாள அட்டையும் போதும். அக்கரையிலிருந்து வரும் தமிழர்களை விசா இல்லாமல் சந்திக்க இன்று எஞ்சியிருக்கும் ஒரே இடம் அதுதான்.

பயணிக்குத் தெரிய வேண்டியவை

இலங்கையில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். திரும்பிவரும் டிக்கெட்டும், தங்கும் நாட்களுக்குப் போதுமான பணம் இருப்பதற்கான சான்றும் கையில் இருக்க வேண்டும். சுற்றுலா அனுமதியில் வேலை பார்க்கக் கூடாது. 30 நாளுக்கு மேல் தங்க வேண்டுமானால், நாள் முடியும் முன்பே பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தில் நீட்டிப்புப் பெற வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இருக்கும் ‘இ.சி.ஆர்.’ குறிப்பு சில நாடுகளுக்கு வேலைக்குப் போவோரைப் பற்றியது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்திலிருந்து வந்த அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. எனவே அதைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை.

கட்டணமும் சலுகையும் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி மாறியிருப்பதால், டிக்கெட் எடுக்கும் முன் திணைக்களத்தின் சொந்த இணையதளத்தில் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுத் தளம் போலத் தோற்றம் காட்டிச் சேவைக் கட்டணம் கேட்கும் தளங்களில் பணம் கட்டிவிடாதீர்கள்.