தறியடியில் ஒரு பட்டம்

வீட்டின் உள்ளழகைக் கற்க ஒரு கல்லூரியா என்று நம் பாட்டிமார் கேட்டால் வியப்பில்லை. ஆனால் நாற்காலி, விளக்கு, சுவர், திரை என்று அறைக்குள் இருக்கும் அத்தனையையும் கலையாகக் கற்பித்த கலாசாலை ஒன்று ஜெர்மனியில் இருந்தது. பெயர் பௌஹௌஸ். 1919-இல் வைமார் நகரில் அதைத் தொடங்கிய வால்டர் குரோப்பியஸ், ஆண் பெண் பேதமில்லை என்றார். பெண்கள் திரண்டு வந்தார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, வாசல்தான் பொது; உள்ளே அறைகள் பொதுவல்ல! பெரும்பாலான பெண்களை நெசவுப் பட்டறைக்கே அனுப்பினார்கள்.

பின்னாளில் அன்னி ஆல்பர்ஸ் என்று புகழ்பெற்ற பெண்மணி 1922-இல் அங்கே சேர்ந்தார். கண்ணாடிப் பட்டறைக்கு ஆசைப்பட்டார், கிடைத்ததோ தறி. முதலில் அவருக்கே அது பிடிக்கவில்லை. ஆயினும் பட்டத்துக்காக அவர் நெய்தது என்ன தெரியுமா? பெர்னாவ் ஊரிலிருந்த தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்துக்குச் சுவர்த் துணி. அதன் ஒரு பக்கம் எதிரொலியை விழுங்கியது. செல்லோஃபேன் கலந்த மறுபக்கம் வெளிச்சத்தைத் திருப்பித் தந்தது. 1930-இல் பட்டம் கிடைத்தது.

1933-இல் நாஜிகளின் நெருக்கடியில் கலாசாலை மூடப்பட்டது. அன்னி அமெரிக்கா சென்றார். 1949-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அவருடைய நெசவுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது.

அவரைத் தறியடியில் உட்காரச் சொன்னவர்கள் என்றேனும் அந்த அரங்கத்தில் நின்று பேசியிருந்தால், தங்கள் குரல் தெளிவாகக் கேட்டது யாரால் என்று நினைத்துப் பார்த்திருப்பார்களா?