வாசகியின் பதில் எங்கே பதிவாகிறது? மட்டக்களப்பு வாவிக் கரையில் பெண்களின் கூட்டும் எழுத்தும்

ஈழத்துப் பெண்கள் இதழ்களைப் பற்றிப் பேசும்போது யார் எழுதினார்கள், என்ன எழுதினார்கள் என்ற இரு கேள்விகளும் தவறாமல் கேட்கப்படுகின்றன. வாசித்தவர் என்ன செய்தார் என்ற கேள்வி வந்தால், இதழின் கடைசிப் பக்கங்களில் அச்சான வாசகர் கடிதங்களைப் புரட்டிப் பார்ப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்துக்கு இந்த முறை பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே பெண்களின் கூட்டு முன்னமே இருந்தது. இதழ் அதன் மேல் வந்து அமர்ந்தது. வாசகியின் பதிலும் கடிதமாக வந்ததைவிட, படியேறி வந்து சொன்ன முறைப்பாடாகவும் தெருவெளியில் பாடிய பாட்டாகவும் காணி உறுதியில் தன் பெயரைக் கேட்ட கோரிக்கையாகவும் வந்தது. எதிர்ப்பு எழுந்தபோது ஒரு பெண்ணின் எழுத்து நிலைத்ததா, அவள் ஊரைவிட்டுப் போக நேர்ந்ததா என்பதை அவள் பின்னால் அப்படியொரு கூட்டு இருந்ததா இல்லையா என்பதே பெரிதும் தீர்மானித்தது.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கிழக்கே கடலோரமாக எழுவான்கரை, மேற்கே வயலும் காடுமாகப் படுவான்கரை. எழுவான்கரையில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறி மாறி வருகின்றன. இரு சமூகங்களுக்கும் பொதுவான ஒன்று தாய்வழிக் குடிமுறை. திருமணத்தின்போது வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படும். மருமகன் அந்த வீட்டுக்கு வந்து சேருவார். மூத்த மகளுக்குத் தம் வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அடுத்த மகளுக்காகப் பக்கத்திலேயே இன்னொரு வீடு கட்டிக் குடிபோவதும் வழக்கம். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இம்முறையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 2008 இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இதன் விளைவு வெளிப்படையானது: அம்மா, பெரியம்மா, சின்னம்மா, அக்கா, தங்கை எல்லோரும் கூப்பிடு தூரத்தில் வாழ்கிறார்கள். கல்யாணத்தோடு உறவுப் பெண்களைப் பிரிந்து போகும் நிலை இப்பிரதேசத்துப் பெண்ணுக்கு வேறு பல தமிழ்ப் பிரதேசங்களைவிடக் குறைவு.

இதைப் பெண்ணாட்சி என்று கொண்டாடுவோர் உண்டு. அந்தக் கொண்டாட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. வளவு மகளுக்கு வந்தாலும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காரும் ஆண்களே. குடும்ப வழக்கைப் பேசித் தீர்க்க உட்காருவோரும் ஆண்களே. பெண்களுக்குள் பேசிக்கொள்ள இடம் இருந்தது. அந்தப் பேச்சு சபைக்குப் போக வழி இல்லை. பின்னாளில் வந்த பெண்கள் அமைப்புகளின் வேலையை இந்த இடைவெளியை மனத்தில் வைத்தே மதிப்பிட வேண்டும்.

பதில் சொல்லும் மரபும் இங்கே பழையது. கிழக்கிலங்கையின் நாட்டார் கவிகளில் கணிசமானவை பெண் குரலில் அமைந்தவை. மச்சான் பாடியதற்கு மச்சி மறுகவி கட்டுவாள், தாயிடம் முறையிடுவாள், ஊர்ப்பேச்சைச் சாடுவாள். முஸ்லிம் ஊர்களிலும் இந்த மரபு வலுவாக இருந்தது. சாய்ந்தமருதைச் சேர்ந்த கவிஞர் அனார் இப்பாடல்களைத் தேடித் தொகுத்து நூலாக்கியது தற்செயலானதல்ல. நவீனக் கவிதை எழுதிய ஒரு பெண் தன் எழுத்துக்கு முன்னோராக இந்தப் பெயர் தெரியாத கவிகாரிகளையே கண்டிருக்கிறார். கேட்டவள் உடனே இன்னொரு கவி சொல்வதுதான் அங்கே எதிர்வினை. அதைக் கடிதப் பக்கத்தில் எண்ண முடியாது.

1990 இந்த இரு சமூகங்களின் முதுகையும் முறித்தது. ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பவில்லை. அதே மாதம் சத்துருக்கொண்டானில் படுகொலை நடந்தது. படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டிலும் எழுவான்கரை இராணுவத்தின் கட்டுப்பாட்டிலும் இருந்த காலங்களில், அக்கரை போய் இக்கரை வருவதே சோதனைச்சாவடிக்குப் பதில் சொல்லும் காரியமாயிற்று. காணாமற்போன மகனைப் பற்றி முகாமில் கேட்டுப் பயனற்றுப்போன தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வம் ஏறி வாக்குச் சொல்வோரிடம் போய்க் கேட்டார்கள். 1990களில் இங்கே களஆய்வு செய்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் இதைக் கவனமாகப் பதிவுசெய்திருக்கிறார். வெளியே வாய் திறக்க முடியாத நாட்களில், நடந்ததை நடந்தபடி ஒரு பெண் உரத்துச் சொல்லி அழக்கூடிய இடமாகக் கோயில் முன்றில் இருந்தது. கேட்டுக்கொண்டு நின்ற மற்றப் பெண்களுக்கும் அதே கதை இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தைப் பார்க்க வேண்டும். 1991 இல் கொழும்பில், இடம்பெயர்ந்து வந்த பெண்களுக்கிடையேயான வேலையாகத் தொடங்கி, 1993 இல் அது மட்டக்களப்புக்கு வந்தது. 1991 என்ற ஆண்டுக்கு இன்னொரு கனமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் 1980களில் உருவான பெண்கள் ஆய்வு வட்டம் 1986 இல் ‘சொல்லாத சேதிகள்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்திருந்தது. பெண் கவிஞர்களின் குரலை ஒரு கூட்டுக் குரலாக ஈழத்தில் முன்வைத்த நூல் அது. ஆனால் 1989 செப்டெம்பரில் மனித உரிமைச் செயற்பாட்டாளர் ரஜனி திராணகம கொல்லப்பட்டார். 1991 மேயில் கவிஞர் சிவரமணி தம் கவிதைகளை எரித்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டில் கவிஞர் செல்வி புலிகளால் கைதுசெய்யப்பட்டுத் திரும்பி வரவேயில்லை. நூல் மிஞ்சிற்று; அந்த நூலைச் சுற்றிக் கூடியிருந்த பெண்கள் சிதறடிக்கப்பட்டார்கள். ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பில் முக்கிய பங்காற்றிய சித்திரலேகா மௌனகுரு பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியதும் சூரியாவின் உருவாக்கத்தில் பங்கேற்றதும் இரு முயற்சிகளையும் இணைக்கும் இழை.

மட்டக்களப்பில் சூரியா செய்த முதன்மையான வேலைகள் எழுத்து சார்ந்தவை அல்ல. வீட்டு வன்முறையால் அடிபட்டு வந்தவளுக்குச் சட்ட ஆலோசனை, ஆதரவு, கூட்டங்கள், பங்குனி எட்டாந் திகதி மகளிர் தின நிகழ்வுகள், கிராமம் கிராமமாகப் போன தெருவெளி நாடகமும் பாட்டும். சூரியா வெளியிட்ட ‘பெண்’ இதழ் 1990களின் நடுப்பகுதியில் இந்த வேலைகளுக்கு நடுவிலிருந்துதான் வெளிவந்தது. கட்டுரை, கதை, கவிதை, சட்டம், உடல்நலம் என்று அது கலந்து தந்ததை இலக்கிய இதழுக்குரிய அளவுகோலால் அளந்து குறை சொல்வது எளிது. ஆனால் ஜீவனாம்ச வழக்கைப் பற்றிய குறிப்பும் ஒரு கவிதையும் ஒரே இதழில் வருவதன் பொருத்தம், அந்த நிலையத்தின் வாசலில் ஒருநாள் இருந்து பார்த்தவருக்குப் புரியும்: அந்த இரண்டுக்கும் வாசகி ஒருத்தியே.

அவள் எப்படிப் பதில் சொல்வாள்? கடிதம் எழுத வேண்டுமானால் எழுத்து வேண்டும், தனியே இருக்க ஒரு பொழுது வேண்டும், வீட்டிலுள்ளவர் பிரித்துப் பார்க்காத தபால் வேண்டும். போர்க்காலத்தில் கடிதத்தில் உண்மைப் பெயரோடு ஒரு சம்பவத்தை எழுதுவது உயிராபத்து. படுவான்கரையிலிருந்து ஒருத்தி தோணித்துறை கடந்து, சாவடியில் நின்று, பட்டணத்துப் புளியந்தீவுப் பக்கம் வந்து, ‘இதுல எழுதிக் கிடக்கிறது எனக்கும் நடந்தது’ என்று சொல்வாளானால் அதைவிடக் கனமான வாசகர் எதிர்வினை எது? நாடகம் முடிந்த பிறகு கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்து கதையின் முடிவை மறுத்தாலும் அதுவே. இலக்கிய வரலாறு இவற்றை ‘சமூகப் பணி’ என்ற பெட்டியில் போட்டுவிட்டு, கடிதங்களின் எண்ணிக்கையைப் பார்த்து ‘வரவேற்புக் குறைவு’ என்று எழுதினால் அது வரலாற்றின் குறை.

வாசகியின் பதில் கடிதத்துக்கு வெளியே வருவதற்கு, 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நடந்தவை இன்னொரு சான்று. நாவலடி, கல்லடி, கல்லாறு எனக் கரையோர ஊர்கள் அழிந்தன. நிவாரணமும் புதிய வீடும் ‘குடும்பத் தலைவர்’ பெயரில் பதியப்பட்டன. நடைமுறையில் அது கணவனின் பெயர். தலைமுறைகளாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு கடலோடு போய், அரசின் கையால் ஆணின் சொத்தாகத் திரும்பி வந்தது. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் சில கிழமைகளுக்குள் ஒரு கூட்டணியாகத் திரண்டு, முகாம்களில் பெண்களின் பாதுகாப்பையும் வீட்டு உரிமையையும் முன்வைத்தன. அத்தனை விரைவாக அது நடந்ததற்குக் காரணம், பத்தாண்டுகளாக ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் அவர்களுக்குள் இருந்ததே. சொத்துரிமையைப் பற்றிப் படித்ததையும் பேசியதையும் வைத்துக்கொண்டு அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்று ‘உறுதி என்ட பேர்ல இருந்தது’ என்று சொன்ன பெண்ணை நான் வாசகி என்றே கணக்கிடுவேன்.

பகை கொண்ட எதிர்வினைக்கு இரண்டு நிகழ்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். 1997 மே மாதம் அம்பாறை மாவட்டத்தின் மத்திய முகாம் பகுதியில் கோணேஸ்வரி என்ற பெண் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொலைசெய்யப்பட்டார். அதைத் தொட்டுக் கவிஞர் கலா எழுதிய ‘கோணேஸ்வரிகள்’ கவிதை கொழும்பிலிருந்து வந்த ‘சரிநிகர்’ இதழில் வெளியானபோது பெரும் சர்ச்சை எழுந்தது. பெண்ணுறுப்பின் பெயரை ஒரு பெண் கவிதையில் எழுதலாமா என்பதே பலருக்கு முதற் கேள்வியாயிற்று. ஒரு பெண்ணின் உடலைச் சிதைத்த கொடுமையை விட்டுவிட்டு, அதைச் சொன்ன சொல்லின் நாகரிகத்தைப் பற்றி இவ்வளவு பேச முடிந்தது நம் வாசிப்புச் சமூகத்தின் நோய்க்குறி. ஆனாலும் அந்தக் கவிதை தனித்துப் போகவில்லை. பெண்ணிய வட்டங்கள் அதைத் திரும்பத் திரும்பப் பேசின, தொகுப்புகளில் சேர்த்தன, இன்று ஈழப் போர்க்காலக் கவிதையைப் பற்றிப் பேசும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

மற்றது ஏறாவூரில் பிறந்த எழுத்தாளர் ஸர்மிளா ஸெய்யித்தின் நிகழ்வு. 2012 நவம்பரில் பிபிசி தமிழோசைக்கு அளித்த பேட்டியில், பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கினால் அதில் ஈடுபடும் பெண்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்ற கருத்தை அவர் சொன்னார். ஊரில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. மன்னிப்புக் கேட்கும்படி நெருக்கினார்கள். அவரும் சகோதரியும் நடத்திய கல்விநிலையம் தாக்கப்பட்டது. அவர் நாட்டைவிட்டுப் போய்ச் சென்னையில் வாழ நேர்ந்தது. 2014 இல் ‘உம்மத்’ நாவல் வெளிவந்தது. 2015 இல் அவர் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டுவிட்டதாகப் பொய்ப் படங்களும் செய்தியும் சமூக வலைத்தளங்களில் பரப்பப்பட்டன. ஒரு பெண் சொன்ன கருத்துக்கு மறுப்பாக அவளது சாவைக் கற்பனை செய்து ஊருக்குக் காட்டியிருக்கிறார்கள். இதைக் கருத்து வேறுபாடு என்று எந்த மென்மையான சொல்லாலும் மூடக் கூடாது.

இரண்டு நிகழ்வுகளும் ஒரே தரத்தவை அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். ஒன்று கவிதை, மற்றது வானொலிப் பேச்சு. சமூகமும் காலமும் வேறு. அது சரி. என் கவனம் படுவது, எதிர்ப்பு வந்த திசைக்கும் ஆதரவு வந்த திசைக்கும் இடையிலிருந்த தூரத்தில். ஸர்மிளாவுக்காகத் தமிழ்நாட்டிலும் கொழும்பிலும் புலம்பெயர் நாடுகளிலும் குரல் எழுந்தது. எதிர்ப்போ அடுத்த தெருவிலிருந்து வந்தது. தொலைவிலிருந்து போட்ட நூறு கையெழுத்தால் ஏறாவூரில் ஒரு கதவின் முன்னால் போய் நிற்க முடியாது.

தொலைவுக்கென்று ஒரு பலமும் இருப்பதை மறுத்தால் வாதம் பொய்யாகிவிடும். அனார், சுல்பிகா, ஃபஹீமா ஜஹான், பெண்ணியா போன்ற முஸ்லிம் பெண் கவிஞர்களின் கவிதைகள் தமிழ்நாட்டு இதழ்கள் வழியாகவும், சுவிற்சர்லாந்தில் வாழும் றஞ்சி நடத்தும் ‘ஊடறு’ போன்ற இணைய வெளிகள் வழியாகவும் பரவலான வாசகரை அடைந்தன. உள்ளூர் அனுமதிக்குக் காத்திருந்தால் அந்தப் பரவல் சாத்தியமாகியிருக்காது. புனைபெயரும் தூரமும் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குக் கொடுத்த எழுத்துரிமையைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் எழுத்து ஊர் விவகாரத்தைத் தொடும் கணத்தில் தூரம் உதவாது. முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்தக் கேட்ட பெண்களின் அனுபவமும் இதையே சொல்கிறது. அதை ஆராய நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையிலான குழு 2009 இல் அமைக்கப்பட்டு 2018 இல்தான் அறிக்கை தந்தது. அந்தக் காலம் முழுவதும், அச்சட்டத்தின் கீழ் இயங்கும் காதி நீதிமன்றத்தில் பட்ட பாட்டைச் சொல்ல முன்வந்த பெண்களுக்கு, அவர்களின் பெயரை மறைத்துக் கதையை மட்டும் வெளியே கொண்டுபோகும் உள்ளூர்ப் பெண்கள் குழுக்களே காப்பாக இருந்தன.

ஆகவே ஆவணப்படுத்தலில் ஒரு மாற்றம் தேவைப்படுகிறது. நூலகம் நிறுவனத்தின் எண்ணிமச் சேகரிப்பால் ‘பெண்’ இதழ்களை இன்று எங்கிருந்தும் வாசிக்கலாம். அது பெரிய கொடை. இதழைச் சுற்றி நடந்தவையும் பதிவாக வேண்டும்: தெருவெளி நாடகங்களின் பிரதிகள், பாட்டுக் கொப்பிகள், கூட்டக் குறிப்புகள், நிலையத்துக்கு வந்து போன பெண்களின் நினைவுகள். முறைப்பாட்டுக் கோவைகளை வெளியிடக் கூடாது. அவை அந்தப் பெண்களுக்கே உரியவை. ஆனால் விரும்பிப் பேசுவோரிடம், விரும்பிய பெயரில், வாய்மொழி வரலாறாகக் கேட்டு எழுதலாம். படுவான்கரையிலிருந்து தொடங்குவது நல்லது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் முன்னர் அந்தத் துறையைப் படகில் கடந்து பட்டணத்துக்கு வந்த பெண்களில், 1993 இல் முப்பது வயதாயிருந்தவர்கள் இப்போது அறுபதைக் கடந்துவிட்டார்கள்.