இயந்திரக் குப்பைக்குள் எழுத்தைத் தேடிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. கணினி படித்த பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயமாக இருக்கலாம். என் வயதுக்காரர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரு நிரல் கோப்பை நோட்பேடில் திறந்தால் கட்டமும் கொக்கியுமாக ஏதேதோ தெரியும். நடுவே இரண்டொரு ஆங்கிலச் சொற்கள் தலைகாட்டும். கணினிக்குக் கட்டளையும் எண்தான், நமக்கான செய்தியும் எண்தான். ஆங்கிலச் சிறிய 'ஏ' என்பது 97. படிக்கக்கூடிய எழுத்துகளும் குறிகளும் 32 முதல் 126 வரை அடங்கிவிடும். கோப்பை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், இந்த எல்லைக்குள் வரும் எண்கள் தொடர்ந்து நான்கு கிடைத்தால் அதைச் சொல்லாக எடுத்து நீட்டு. இவ்வளவுதான் யூனிக்ஸில் உள்ள 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற கட்டளை செய்யும் வேலை. 1978-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதியது. பிறகு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே பில் ஜாய்தான்.

பத்து ஆண்டு கழித்து, 1988 நவம்பர் 2 இரவு. அமெரிக்காவில் இணையத்தில் இருந்த கணினிகள் ஒவ்வொன்றாகத் திணறத் தொடங்கின. யாரோ விட்ட ஒரு நிரல் இயந்திரத்துக்கு இயந்திரம் தாவித் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டிருந்தது. அது குறிவைத்தவை பெர்க்லி யூனிக்ஸ் ஓடும் வாக்ஸ் கணினிகளும் சன்-3 கணினிகளும். ஒருவிதத்தில் பில் ஜாயின் வீட்டுக்குள்ளேயே திருடன் புகுந்த மாதிரி. அன்று இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணினிகள். அவற்றில் 6,000 பாதிக்கப்பட்டிருக்கும் என்பது அன்றைய மதிப்பீடு.

வேகம் குறைந்தது பெரிய பயமில்லை. இது கோப்புகளை அழிக்குமா? குறிப்பிட்ட நேரம் வந்ததும் வேறு ஏதாவது செய்யுமா? ஆண்டுக்கணக்கான ஆராய்ச்சித் தரவுகள் அந்த இயந்திரங்களில் இருந்தன. மூல நிரல் யாரிடமும் இல்லை. கையில் சிக்கியது எண்களாக மாறிய கோப்பு மட்டும்.

ஸ்ட்ரிங்ஸ் இதற்கென்றே இருக்கும் கருவி. ஆனால் நிரலை எழுதியவருக்கும் அது தெரியும்! உள்ளே இருந்த சொற்களின் ஒவ்வொரு எழுத்தையும் 129 என்ற எண்ணோடு 'எக்ஸ்ஆர்' செய்து வைத்திருந்தார். இரும எண்ணில் எழுதினால் முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் தலைகீழாகும். 97 ஆக இருந்த 'ஏ' 224 ஆகிவிடும். எல்லா எழுத்தும் இப்படி 128-க்கு மேலே போய்விட்டதால் ஸ்ட்ரிங்ஸின் கண்ணுக்கு அவை குப்பை. இதைப் பூட்டு என்று சொல்ல மாட்டேன், திரைச்சீலை அவ்வளவுதான். மறுபடி அதே 129-ஐப் போட்டால் பழைய எழுத்து வந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.

எம்ஐடியிலும் பெர்க்லியிலும் தூக்கமில்லாமல் உட்கார்ந்து நிரலை வரிவரியாகப் பிரித்துப் படித்தார்கள். கோப்புகளை அழிக்கும் பகுதி அதில் இல்லை என்று அப்படித்தான் உறுதியானது. எழுதியவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ், கார்னெல் பல்கலைக்கழக மாணவர். 1990-இல் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதித்தார்கள். பின்னாளில் எம்ஐடியிலேயே பேராசிரியரானார்.

மறைக்க மறந்தவர்களும் உண்டு. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நதான்ஸ் அணு ஆலையைக் குறிவைத்தது என்று அறியப்பட்ட நிரல். அதன் ஒரு டிரைவர் கோப்புக்குள் அதைத் தயாரித்த கணினியின் கோப்புறைப் பாதை அப்படியே கிடந்தது. அதில் இரண்டு சொற்கள்: 'மிர்டஸ்', 'குவாவா'. கொய்யாப்பழம்தான்! மிர்டஸ் அந்தத் தாவரக் குடும்பத்துக்கே பெயர் தந்த செடி. நம் நாவலும் அந்தக் குடும்பம்தான். உடனே பைபிளில் வரும் எஸ்தர் வரை போய்ப் பொருள் தேடினார்கள். இல்லை, 'மை ஆர்டியூஸ்', அதாவது ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சொல்கிறது என்றார்கள் வேறு சிலர். ஒரு சொல் கிடைத்ததாலேயே ஆளைப் பிடித்துவிட்டதாக நினைப்பது எனக்கு ஏற்புடையதல்ல. வேண்டுமென்றே போட்டுவைத்ததாகவும் இருக்கலாமே.

கடைசியாக நம் வீட்டுச் செய்தி. யூனிகோடை இன்று பெரும்பாலும் யூடிஎஃப்-8 முறையில்தான் சேமிக்கிறோம். அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறைந்தது மூன்று எண்கள். அதில் முதல் எண் என்ன தெரியுமா? 224. மோரிஸ் மறைத்த 'ஏ' போய் நின்ற அதே இடம். மற்ற இரண்டும் 128 அல்லது அதற்கு மேல்தான். அதனால் ஒரு செயலிக்குள் பக்கம் பக்கமாகத் தமிழ் இருந்தாலும், ஸ்ட்ரிங்ஸை வழக்கம்போல் ஓட்டினால் ஒரு சொல்கூட வராது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் கட்டளைக்குப் பின் ஒரு சிறுகோடும் சிறிய 'ஈ'-யும், இடம் விட்டுப் பெரிய 'எஸ்'-ஸும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். கொஞ்சம் குப்பையும் கூடவே வரும். தமிழும் வரும்.