மருதமுனைக் கரையும் ஒரு பழைய படமும்

வெளிநாட்டில் வாழும் நண்பரொருவர் மருதமுனைக் கடற்கரையின் பழைய படங்கள் என்னிடம் உண்டா என்று கேட்டிருந்தார். சில உண்டு. அவற்றை மீண்டும் எடுத்துப் பார்த்தபோது எழுந்த நினைவுகளே இவை.

கிழக்கின் கடலழகு என்றால் திருகோணமலையின் சுவாமி மலையையே பலரும் சொல்வர். செங்குத்தான பாறை, அடியில் கொந்தளிக்கும் கடல். போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களை 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அங்கேதான் நீருக்கடியில் கண்டனர். மருதமுனையில் பாறை இல்லை, மணல்தான். பாறை நின்ற இடத்தில் நிற்கும். மணற்கரை அப்படியன்று.

ஒளியும் எளிதில் வசப்படாது. சூரியன் கடலிலிருந்து எழுவதால் காலையில் தோணியும் மனிதரும் கருநிழலாகவே பதிவாகும். முகம் தெரியப் பின்னேரம்வரை காத்திருந்தால் கரை வெறிச்சோடிவிடும். கச்சான் காலத்தில் கடல் தட்டையாகக் கிடக்கும், வானம் வெளிறியிருக்கும். மாரியில் வாடை வீசும்போதுதான் அலைக்கு உயிர் வரும். ஆனால் கமரா வில்லையில் உப்புப் படியும். உள்ளூர்த் தறியில் நெய்த சாரத்தின் தலைப்பால் அதைத் துடைத்த நாட்கள் பல. (அதைவிட நல்ல துணி எனக்குக் கிடைத்ததில்லை.)

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலையில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே, 10,000க்கும் மேற்பட்டோர். அன்று எடுக்கப்பட்டு உலகெங்கும் வெளியான செய்மதிப் படமோ மேற்குக் கரையின் களுத்துறையைக் காட்டியது.

2005இல் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். ஏன் இந்த வேறுபாடு என்று அப்போதே கேட்டோம். பின்னர் தடை தளர்ந்தது. ஆனால் '65 மீற்றர்' என்பது மருதமுனையில் ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

அந்நாட்களில் ஒரு முதியவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, உங்கட பழைய படத்தில எங்கட வளவு விழுந்திருக்கா?"

தேடினேன். அலை இருந்தது, முகில் இருந்தது, தோணி இருந்தது. அழகு கெடும் என்று வீடுகளை நானே சட்டகத்துக்கு வெளியே விட்டிருந்தேன். ஒரேயொரு படத்தின் ஓரத்தில் கிடுகு வேலியின் துண்டும் பாதித் தென்னையும் தெரிந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றி அதை நெடுநேரம் பார்த்தார்.

"இது எங்கட தென்னைதான்" என்றார்.

ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன்.