இதயச் செயலிழப்பு: முதியோருக்கான தனிநபர் ஊட்டப் பராமரிப்பு

நாட்பட்ட இதயச் செயலிழப்பு உள்ள முதியவருக்கு, அவரது உடல்நிலை, சிறுநீரகத் திறன், பசி, பழக்கம் ஆகியவற்றைப் பார்த்து உணவை வகுக்கும் முறை. இந்நோயில் எடைபார்க்கும் கருவி ஏமாற்றும். கால் வீக்கமும் வயிற்றில் தேங்கும் நீரும் எடையைக் குறையாமல் காட்ட, உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும். குடலும் வீங்குவதால் இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடும். உண்டதும் சரியாக உட்கிரகிக்கப்படாது.

சுவிட்சர்லாந்தின் 8 மருத்துவமனைகளில் 2014 முதல் 2018 வரை நடந்த 'எஃபர்ட்' ஆய்வு இத்துறையில் முக்கியமானது. ஊட்டக்குறை அபாயம் இருந்த உள்நோயாளிகளுக்கு உணவியலாளர் தனித்தனியே கலோரி, புரத இலக்கு வகுத்தார். கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். சிறுநீரகம் பழுதானோருக்கு 0.8 கிராம். ஆய்வில் பங்கேற்றோருள் இதயச் செயலிழப்பு உள்ள 645 பேரின் தரவு 2021இல் வெளியானது. 30 நாள் இறப்பு, வழக்கமான உணவு பெற்றோரிடம் 14.8 விழுக்காடு, தனிப் பராமரிப்பு பெற்றோரிடம் 8.4.

உப்பைக் கடுமையாகக் குறைப்பதே போதும் என்ற பழைய நம்பிக்கை தளர்ந்திருக்கிறது. நாளுக்கு 1,500 மில்லிகிராமுக்குக் குறைவான சோடியம் என்ற கட்டுப்பாடு இறப்பையோ மருத்துவமனைச் சேர்க்கையையோ குறைக்கவில்லை என 2022இல் 'சோடியம்-எச்எஃப்' ஆய்வு காட்டியது. உப்பில்லாத சோற்றை ஒதுக்கிவைக்கும் முதியவருக்குப் பட்டினியே பெரிய ஆபத்து.